மொன்ரிவால் ஊரின் வரலாறு, நிக்கலஸ் சொன்னபடி

டென்மார்க்கின் மேற்கு யூலண்டில், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் ஸ்கோவ்கேர் என்றொரு சிற்றூர் வரும். அகதியாக வந்தவர்களில் அந்த ஊர்தான் வேண்டும் என்று கேட்டு வந்தவன் நிக்கலஸ் ஒருவன்தான். மற்றவர்களைக் கேட்டால், அல்பர்ட்ஸ்லுண்டில் மச்சான் இருக்கிறார், விபோர்க்கில் ஊர்க்காரர் இருக்கிறார் என்று ஏதாவது காரணம் சொல்வார்கள். நிக்கலஸ் ஸ்கோவ்கேர் என்றபோது, எல்லையில் நின்ற பொலிஸ்காரர் அது எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

நிக்கலஸ் மன்னாரில் பேசாலைக்காரன். எண்பத்து நாலாம் ஆண்டு பரிஸுக்கு வந்து சேர்ந்தான். அங்கே வேலை கிடைக்காமல், வடகிழக்குப் பிரான்சில் மொன்ரிவால் என்ற ஊருக்குப் போய், ரயில் நிலையத்துக்கு முன்னால் இருந்த ஹோட்டலில் கோப்பை கழுவினான். ஒரு வருடம் கழுவிய பிறகு அவனுடைய அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சு அரசாங்கம் நிராகரித்துவிட்டது. எங்கே போவதென்று தெரியாமல் ஊர் எல்லை வரை நடந்தவன், அங்கே நின்ற பலகையை முதன்முதலாக வாசித்தான். மொன்ரிவாலின் நட்பு நகரம் ஸ்கோவ்கேர், டென்மார்க் என்று அதில் எழுதியிருந்தது. நட்பு என்று எழுதி வைத்திருக்கிறார்களே என்று நம்பி வந்துவிட்டான்.

அவனுடைய மனைவி விமலராணி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்து பிறகுதான் வந்து சேர்ந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவளே எடுத்துச் சொல்லுவாள். சொல்லிவிட்டு, "நல்லகாலம், அந்த ஊர் சைபீரியாவோட நட்பு வைச்சிருக்கேல்லை" என்று முடிப்பாள்.

டேனிஷ் மொழி வகுப்பில் முதல்நாள் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது. நிக்கலஸ் தான் தமிழும் சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவேன் என்றான். அது போதாதென்று பட்டதால் பிரெஞ்சும் பேசுவேன் என்றான். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஹோட்டல் சமையற்காரன் சத்தம் போட்டுச் சொன்னதெல்லாம் அவனுக்கு விளங்கும். வெங்காயம், வெண்ணெய், சட்டி, கத்தி, கெதியாக, இன்னும் கெதியாக. கிர்ஸ்டன் ரீச்சர் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டு மனதில் வைத்துக்கொண்டாள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபரில் அந்த இரண்டு ஊர்களின் நட்புக்குப் பத்து வயதானது. மொன்ரிவாலிலிருந்து ஒரு பஸ் நிறைய விருந்தினர்கள் வந்து இறங்கினார்கள். துணை மேயர் தலைமை தாங்கி வந்தார். அவர்களோடு லேமான் என்ற முதியவரும் வந்திருந்தார். துணிக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரில் மிஞ்சியிருந்த யூதர்கள் அவரும் அவருடைய மனைவியின் தங்கையும்தான். 'மொன்ரிவாலின் வரலாறும் அதன் செபக்கூடமும்' என்று சனிக்கிழமை மாலை நூலக மண்டபத்தில் அவர் ஒரு உரை நிகழ்த்துவதாக ஏற்பாடு. மொழிபெயர்க்க இருந்த பிரெஞ்சு ஆசிரியைக்கு அன்று காலை தொண்டை அடைத்து, பேச்சே வரவில்லை.

மத்தியானம் கிர்ஸ்டன் ரீச்சர் சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அந்த ஊரிலேயே வாழ்ந்த ஒருவன் இங்கே இருக்கும்போது தாங்கள் ஏன் கவலைப்படவேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நிக்கலஸ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். வெளியே வந்தது ஆம் என்ற டேனிஷ் சொல்.

அவள் போனதும் விமலராணி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பிரெஞ்சில உங்களுக்கு என்ன தெரியும்? உருளைக்கிழங்கு உரிக்கத் தெரியும்."

"நீர் பேசாமல் இரும். ஊர்ச் சரித்திரம்தானே. அங்க இருந்தனான், எனக்குத் தெரியாதே?"

"அப்ப அந்தச் செபக்கூடம் எங்க இருக்கு?"

நிக்கலஸ் யோசித்துப் பார்த்தான். அப்படி எதையும் அந்த ஊரில் கண்டதாக ஞாபகமில்லை. யூதர்களின் செபக்கூடம் என்ற சொல்லை அவன் பூசையில் சுவிசேஷம் வாசிக்கும்போது கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். அந்த ஊரில் அப்படியொன்று இல்லவேயில்லை, கிழவர் ஏதோ பழங்கதை சொல்லப்போகிறார் என்றான். விமலராணி அவனுடைய ஒரே கோட்டைத் தட்டி எடுத்துக் கொடுத்தாள். தானும் வருவதாகச் சொன்னாள். இதை விட்டுவிட்டு வீட்டில் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. ஓரத்து மேசைகளில் கோப்பியும் கேக்கும் சீஸும் அடுக்கியிருந்தன. முன்வரிசையில் நட்புச் சங்கத் தலைவர் ஹொல்கர் இருந்தார். வாழ்நாள் முழுவதும் சீஸ் தொழிற்சாலை ஒன்றை நடத்தியவர். அவருக்குப் பக்கத்தில் மொன்ரிவாலின் துணை மேயர். விமலராணி கடைசி வரிசையில், கதவுக்குக் கிட்ட இடம் பிடித்திருந்தாள்.

லேமான் ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். மேடையில் ஏறி நிக்கலஸுக்குக் கைகொடுத்தவர் அவன் முகத்தை ஒருகணம் உற்றுப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். நல்ல பிரெஞ்சு, அழகான நீண்ட வசனங்கள். நிக்கலஸுக்கு மூன்று சொல்லில் ஒன்று விளங்கியது. அவரை நிறுத்தி மூச்சுவிட வேண்டும்போல் இருந்தது. ஒரு நிமிடம் பொறுங்கள் என்பதற்குச் சமையற்காரன் அடிக்கடி பாவிக்கும் இரண்டு சொற்கள் ஞாபகத்துக்கு வர, பணிவாகக் குனிந்து அவற்றைச் சொன்னான். முன்வரிசையில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் ஒரேயடியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சொற்களின் பொருள் வாயை மூடு என்பதுதான், அதுவும் மரியாதையே இல்லாத வகையில். லேமான் அவன் குனிந்து நின்ற விதத்தைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து விஷயத்தை விளங்கிக்கொண்டார் போலிருக்கிறது. பேசாமல் காத்து நின்றார்.

நிக்கலஸ் டேனிஷில் தொடங்கினான். மொன்ரிவால் மிகவும் பழைய ஊர். ஆறு இருக்கிறது. பாலம் இருக்கிறது.

லேமான் சொன்னதில் 'கோந்த்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. கோந்த் என்றால் பிரபு. ஒரு பிரபு அந்த ஊரைக் கட்டினார், யூதர்களை அங்கே குடியிருக்க விட்டார் என்பதுதான் கிழவர் சொன்னது. நிக்கலஸுக்குத் தெரிந்ததெல்லாம் 'கோந்தே' என்ற சீஸ். ஹோட்டலில் அதைத் துருவித் துருவி அவன் விரல் தேய்ந்திருக்கிறது. ஊருக்கும் சீஸுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு விநாடி தடுமாறியவன், அந்த ஊர் சீஸினால்தான் உருவானது என்று சபைக்கு அறிவித்தான்.

ஹொல்கர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கையை உயர்த்தி, அது கடினமான சீஸா, மெதுவானதா என்று கேட்டார். நிக்கலஸ் அதைத் தன்னால் முடிந்தபடி பிரெஞ்சில் கேட்டான். பிரபுவின் குணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று லேமான் நினைத்தார்.

"கடினம். மிகவும் கடினம். சனங்களை அழ வைத்தவன்."

கடினமானது, சாப்பிட்டால் கண்ணில் தண்ணீர் வரும் என்று நிக்கலஸ் சொன்னான். ஹொல்கர் திருப்தியோடு தலையாட்டினார்.

அப்படியே போனது. அந்த யூதர்கள் குதிரை வியாபாரிகள் என்றார் லேமான். பிரெஞ்சில் குதிரைக்கும் தலைமயிருக்கும் உச்சரிப்பில் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். யூதர்கள் எல்லோரும் முடிவெட்டுகிறவர்கள் என்று நிக்கலஸ் சொன்னான். ஒரு சிற்றூருக்கு எதற்கு இவ்வளவு முடிவெட்டுகிறவர்கள் என்று சபையில் சிலர் யோசித்தாலும், பிரெஞ்சுக்காரர்கள் அலங்காரப் பிரியர்கள்தானே என்று சமாதானம் அடைந்தார்கள்.

பிறகு செபக்கூடம் கட்டிய கதை வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் யூதர்களும் மற்றவர்களைப்போலக் குடிமக்கள் ஆனார்கள். அந்தப் பெருமையில் தேவைக்கு மேல் பெரிய செபக்கூடமாகக் கட்டிவிட்டார்கள். அதன் கூரை தன்னுடைய கோவிலை விட உயரம் என்று கத்தோலிக்கக் குருவானவருக்கு மனக்கசப்பு. ஊர் இரண்டுபட்டது. கடைசியில் குருவானவர் தன் கோபுர உச்சியில், காற்றுத் திசை காட்டும் இரும்புச் சேவல் ஒன்றை ஏற்றினார். அந்தச் சேவலையும் சேர்த்து அளந்தால் கோவில்தான் உயரம். அதோடு சண்டை தீர்ந்தது. நிக்கலஸுக்கு இதில் சண்டை விளங்கியது, குருவானவர் விளங்கியது, சேவல் விளங்கியது. குருவானவர் சேவல் அடித்துக் குழம்பு வைத்து யூதர்களுக்கு விருந்து கொடுத்தார், சண்டை தீர்ந்தது என்று அவன் மொழிபெயர்த்தான். சபைக்கு அந்தக் குருவானவரை மிகவும் பிடித்துப்போனது. ஒருவர் கைதட்ட எல்லோரும் தட்டினார்கள். லேமான் கைதட்டல் எதற்கென்று தெரியாமல் லேசாகத் தலைகுனிந்தார். கடைசி வரிசையில் விமலராணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் புருஷன் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும்போது அவனுடைய இடது காது சிவப்பதை அவள் அறிவாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். மிகவும் மரியாதையாகவே கேட்டார். இங்கே வயதானவர்கள் எல்லோருக்கும் ஜெர்மன் விளங்கும். லேமான் அவர்களின் ஊர் ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட இருப்பதால் அவருக்கும் ஜெர்மன் தெரியுமாம். நேரடியாக ஜெர்மனில் பேசினால் இந்த இளைஞருக்குச் சிரமம் இருக்காதே.

நிக்கலஸ் அதை லேமானுக்குச் சொன்னான். கிழவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"ஐந்து வருடம் ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்தேன். அங்கிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அந்தப் பாஷை பேசுவதில்லை. இன்றைக்கும் பேசமாட்டேன்."

நிக்கலஸுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அதை அப்படியே சொன்னான். கேட்ட பெரியவர் மெதுவாக உட்கார்ந்தார்.

அதிலிருந்து உரையின் போக்கு மாறியது. லேமான் நீண்ட வசனங்களை விட்டுவிட்டார். நான் ஜெர்மனியில் இருந்தபோது, ஒரு காலையில் ஊருக்கு லொறிகள் வந்தன. பெயர் கூப்பிட்டார்கள். என் தாய் தகப்பன், என் மனைவி. குழந்தைகளையும் கொண்டுபோனார்கள். ரயிலில் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை. நிக்கலஸ் இப்போது ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இந்தச் சொற்களை அவன் சமையற்காரனிடம் படிக்கவில்லை. பரிஸில் தன்னுடைய அகதி விண்ணப்பத்துக்காகத் தன் கதையை அதிகாரிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் படித்தவை. காலை, லொறி, பெயர், திரும்பி வரவில்லை. ஒரு சொல்லைக்கூட அவன் மாற்றவும் இல்லை, கூட்டவும் இல்லை.

சபையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசத் தொடங்கினார்கள். யுத்த காலத்தில் டென்மார்க்கின் யூதர்களைப் படகுகளில் சுவீடனுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியது அவர்களுக்குப் பெருமையான விஷயம். அது நடந்தது நாட்டின் மறு கரையில். மேற்கு யூலண்டிலிருந்து சுவீடனுக்குப் படகு விடுவதென்றால் பாதி டென்மார்க்கைச் சுற்றிப் போகவேண்டும். ஆனாலும் அன்று அந்த மண்டபத்தில் இருந்த பலருடைய பெரியப்பாமாரிடம் படகு இருந்திருக்கிறது. லேமான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்களில் ஆண்கள் ஒன்பது பேர் என்றார் அவர். தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரயில் நிலையத்தில் போய் நின்று, இறங்குகிற வியாபாரிகளில் யாராவது யூதன் இருக்கிறானா என்று பார்ப்பார்களாம். நான்சி நகரத்திலிருந்து வரும், பெண்கள் இடையை இறுக்கிக் கட்டும் கோர்செட் விற்கும் வியாபாரி ஒருவர் அவர்களிடம் அடிக்கடி அகப்படுவார். பாவம், கடைசியில் அவர் ஊருக்கு வியாழக்கிழமையே வந்து போகத் தொடங்கினார். பிறகு ஒன்பது ஏழாகி, நாலாகி, கட்டடத்தை ஒரு விதை வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டு லேமான் விளக்கை அணைக்கச் சொல்லி, சிலைட் படத்தைப் போட்டார். திரையில் வட்டச் சன்னலும் வளைவான பெரிய கதவுமாக ஒரு மஞ்சள் கட்டடம் தெரிந்தது. இதுதான் எங்கள் செபக்கூடம் என்றார்.

நிக்கலஸ் மொழிபெயர்க்கவில்லை. கிர்ஸ்டன் ரீச்சர் முன்வரிசையிலிருந்து கண்ணைக் காட்டினாள். அதற்கும் அவன் அசையவில்லை. அந்தக் கட்டடத்தை அவனுக்குத் தெரியும். ஹோட்டலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் இருந்தது. வட்டச் சன்னலையும் வளைவையும் பார்த்து, சிலுவை விழுந்துபோன பழைய கோவில் என்று அவன் முடிவுகட்டியிருந்தான். வேலைக்குப் போகும் ஒவ்வொரு காலையிலும் அதன் படியில் ஒரு முழங்காலை ஊன்றிச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் போவான். எந்த அர்ச்சிஷ்டவரின் கோவில், எந்தப் புனிதரின் பெயரில் கட்டியது என்று தெரியாததால் எல்லோரையும் பொதுவாக வேண்டிக்கொள்வான்.

அவன் லேமான் பக்கம் திரும்பி, தன்னுடைய சமையலறைப் பிரெஞ்சில், நான், ஒவ்வொரு காலையும், அங்கே, என்றான். மிச்சத்துக்குச் சொல் வராததால் முழங்காலை மடித்துச் சிலுவை அடையாளம் போட்டுக் காட்டினான்.

"தெரியும்," என்றார் லேமான். "மேடையில் ஏறும்போதே யாரென்று பார்த்தேன். என் வீட்டுச் சன்னல் அதற்கு நேர் எதிரே."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"என் மைத்துனியும் அதைத்தான் கேட்டாள். போய்ச் சொல்லுங்கள், பாவம், பிழையான இடத்தில் கும்பிடுகிறான் என்றாள். இருபது வருடமாக அந்த வாசலில் விதை மூட்டைதான் இறங்கியது. ஒருவன் வந்து முழங்காலில் நிற்கிறான். சொன்னால் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன்."

மண்டபத்தில் இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். என்ன நடக்கிறது என்று கிர்ஸ்டன் கேட்டாள். நிக்கலஸ் டேனிஷில் சொன்னான், கொஞ்சம் கொஞ்சமாக, தான் முழங்காலில் நின்றதையும் கிழவர் சொல்லாமல் விட்டதையும். ஒருவரும் கைதட்டவில்லை. கடைசி வரிசையில் விமலராணி கைக்குட்டையை இப்போது வாயிலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்திருந்தாள்.

இங்கர் என்ற பண்ணைக்காரப் பெண்மணிதான் முதலில் பேசினாள். அந்தக் கட்டடம் இப்போது என்ன ஆகப்போகிறது என்று துணை மேயரிடம் கேட்டாள். நிக்கலஸ் அதைப் பிரெஞ்சில் சொன்னான். துணை மேயர் தொண்டையைச் செருமினார். விதை வியாபாரி கடையை மூடிவிட்டார், நகரசபை யோசிக்கிறது, வசதிகள் தேவைப்படுகின்றன என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் 'பார்க்கிங்' என்று மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு டேனிஷில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மண்டபம் முழுவதும் அவரைப் பார்த்தது.

அவ்வளவு கார் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று இங்கர் கேட்டாள். நிக்கலஸ் அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் சொல்லாமல் தானே டேனிஷில் பதில் சொல்லிவிட்டான். இல்லை, ரயில் நிலையத்துக்கு முன்னால் பெரிய வெளி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையிலும் அது காலியாகத்தான் கிடக்கும். இப்போது என்ன சொன்னாய் என்று துணை மேயர் சந்தேகத்தோடு கேட்டார். உங்கள் ஊர் அழகான ஊர் என்று சொன்னேன் என்றான் நிக்கலஸ். இடது காது சிவந்தது.

ஹொல்கர் எழுந்து நின்றார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. அடுத்த கோடையில் ஸ்கோவ்கேரிலிருந்து தாங்களும் ஒரு பஸ் பிடித்து மொன்ரிவாலுக்கு வருவதாகச் சொன்னார். வந்து முதலில் பார்க்க விரும்புவது இந்தச் செபக்கூடத்தைத்தான், துணை மேயர் அவர்களே அதைத் திறந்து காட்டுவார் என்று எதிர்பார்க்கிறோம் என்றார். மண்டபம் பலமாகக் கைதட்டியது. நிக்கலஸ் இதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தான். துணை மேயரும் கைதட்டினார். பத்து வருட நட்பின் முன்னால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

கோப்பி குடிக்கும்போது ஹொல்கர் லேமானைச் சீஸ் தட்டுக்கு முன்னால் கூட்டிப்போய், கடினமான கட்டி ஒன்றைத் தட்டிக்காட்டி, "கோந்தே, கோந்தே" என்று உரிமையோடு சொன்னார். பிறகு கண்ணைத் துடைப்பதுபோல நடித்தார். லேமான் குழம்பிப்போய் நிக்கலஸைத் தேடினார். நிக்கலஸ் கதவுப் பக்கம் நழுவப் பார்த்தான், விமலராணி விடவில்லை. விஷயம் வெளியே வந்தது. சீஸ் வந்தது, முடிவெட்டுகிறவர்கள் வந்தார்கள், கடைசியாகச் சேவல் குழம்பும் வந்தது. லேமான் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருத்திச் சொல்லட்டுமா என்று நிக்கலஸ் வெட்கத்தோடு கேட்டான். வேண்டாம் என்றார் கிழவர். உண்மையான குருவானவர் இவ்வளவு நல்லவராக இருக்கவில்லையாம்.

மறுநாள் பஸ் புறப்பட முன் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரை வீட்டுக்கு அழைத்தார்கள். விமலராணி விடிய எழும்பிச் சமைத்தாள். தீபோரோனில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் குருசுமுத்து அண்ணை கொண்டுவந்து கொடுத்த நண்டு இருந்தது. மன்னார்க்காரி ஒருத்தி விருந்தாளிக்கு அதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது. சட்டி மேசைக்கு வந்தது. லேமான் மூடியைத் தூக்கி, மணத்தை ஆழமாக இழுத்து, வருத்தத்தோடு மூடினார். யூதர்கள் நண்டு சாப்பிடக் கூடாது, கடவுளின் கட்டளை என்றார்.

நிக்கலஸ் சொன்னதைக் கேட்டு விமலராணி ஆளை விடவில்லை. "அவற்ற கடவுளும் எங்கட கடவுளும் ஒராள்தானே. எங்களை விட்டிருக்கிறார், இவரை ஏன் விடேல்லை எண்டு கேளுங்கோ."

நிக்கலஸ் கேட்டான். நாங்கள் அவருக்கு மூத்த பிள்ளைகள், மூத்த பிள்ளைகளைத்தான் கண்டித்து வளர்ப்பார்கள் என்றார் லேமான். அந்தப் பதில் விமலராணிக்குப் பிடித்தது. அவளும் வீட்டில் மூத்தவள். எழுந்துபோய்ப் புதுச் சட்டியில் மீன் பொரித்தாள். பிட்டும் பொரித்த மீனும் தேசிக்காய்ப் புளி விட்ட சம்பலும் வைத்தாள். கிழவர் மூக்கால் நீர் ஓட ஓடச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வரவைப்பது உங்கள் ஊர்ச் சம்பல்தான் என்றார்.

சாப்பிட்டு முடிந்ததும், அந்தப் படியில் நின்று தினமும் என்ன கேட்டாய் என்று நிக்கலஸிடம் கேட்டார். நிக்கலஸ் கூச்சப்பட்டு, விமலராணியைக் கண்ணால் காட்டினான். அப்போது அவள் முகாமில் இருந்தாள், வந்து சேரவேண்டும் என்று கேட்டேன் என்றான்.

லேமான் அவளைப் பார்த்தார். அவள் நண்டுச் சட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"நான் யுத்தத்துக்குப் பிறகு அந்த வாசலில் எனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை," என்றார். "கேட்டால் கிடைக்கும் என்று நம்பிக்கை இருக்கவில்லை. நீ பிழையான ஆட்களின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாய், வந்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷம்."

அவர் என்ன சொல்கிறார் என்று அடுப்படியிலிருந்து விமலராணி கேட்டாள். சமையல் நல்லாய் இருக்காம் என்று நிக்கலஸ் சொன்னான். அவள் எட்டிப் பார்த்து அவனுடைய காதைக் கவனித்தாள். பிறகு அவன் கண்ணையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஆனியில் ஸ்கோவ்கேர்க்காரர்கள் சொன்னபடி பஸ் பிடித்து மொன்ரிவாலுக்குப் போனார்கள். நிக்கலஸுக்குப் பிரெஞ்சு விசா நேரத்துக்குக் கிடைக்கவில்லை. தொண்டை சரியாகிவிட்ட பிரெஞ்சு ஆசிரியை மொழிபெயர்க்கப் போனாள். திரும்பி வந்தவர்கள், அவள் சொன்ன வரலாற்றில் சுவாரசியம் இல்லை என்று கிர்ஸ்டன் ரீச்சரிடம் முறைப்பட்டார்களாம்.

கட்டடத்தை நகரசபையே வாங்கி, கூரையைப் புதுப்பித்து, கதவுக்கு நீல வர்ணம் அடித்திருந்தது. இதை லேமானே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். சொன்னது சந்தோஷத்தில் அல்ல, முறைப்பாடாக. நீலம் சகிக்கவில்லை. திறப்பைத் தன்னிடம் கொடுத்திருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தானே போய்த் திறக்கவேண்டும், முழங்கால் நோகிறது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், உள்ளே கழிப்பறை எங்கே என்று. எல்லாவற்றையும்விட, துணை மேயர் அந்தக் கட்டடத்தைத் தானே இடியாமல் காப்பாற்றியதாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். திறப்புவிழாவில் நீண்ட நேரம் பேசினாராம், பேசி முடிக்கும்போது அவருக்கே அழுகை வந்துவிட்டதாம்.

நீங்கள் எழுந்து உண்மையைச் சொல்லவேண்டியதுதானே, கோபம் வரவில்லையா என்று நிக்கலஸ் கேட்டான்.

"எதற்கு?" என்றார் லேமான். "தான் காப்பாற்றியது என்று நம்பினால்தான் மழை பெய்யும்போதெல்லாம் ஓடிவந்து கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பார். நேற்றும் ஏணியோடு வந்தார்."

பிறகு விமலராணியைக் கூப்பிடச் சொன்னார். மைத்துனி பிட்டு அவிக்கப் பார்த்து இரண்டு தரம் கஞ்சியாகப் போய்விட்டதாம், மாவில் எவ்வளவு தண்ணீர் தெளிப்பது என்று கேட்கவேண்டுமாம். நிக்கலஸ் தொலைபேசியை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, மிகவும் கவனமாக மொழிபெயர்க்கத் தொடங்கினான்.